ஒட்டுக்கொடி

காலை ஆறே கால் மணி. பதினொரு தோட்டங்கள். கணக்கெடுக்க வந்தவர் பெயர் வெள்ளைச்சாமி.

போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் ஏறியதும் யாரிடம் டிக்கெட் இல்லை என்பதைக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அவனிலும் கெட்டிக்காரன் நேராகப் பார்ப்பான். இரண்டு வகையையும் அவர் இறக்கிவிட்டிருக்கிறார். டிக்கெட் வைத்திருந்த சிலரையும்.

அவருடைய குரு அங்கயற்கண்ணி. கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. வெள்ளைச்சாமியைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவரை "டீச்சர்" என்று கூப்பிட்டுப் பின்னால் நடப்பதில் வெள்ளைச்சாமிக்குக் கூச்சம் இல்லை. ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார், அதனால் மனைவி முத்துப்பேச்சிதான் அவரை மலைக்கு அனுப்பிவைத்தார் என்று அடிவாரத்தில் சொல்வார்கள்.

நெடும்பாறை மலையில் மாதம் இரண்டு சனிக்கிழமை கணக்கெடுப்பு. பஸ் நிற்கும் இடத்தில் முதல் தோட்டம். அங்கிருந்து ஏறிக்கொண்டே போனால் காபி, மிளகு, ஆரஞ்சு, சௌசௌப் பந்தல். பதினோராவது சலேத்மேரியின் தோட்டம். அதைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் ஒரே பாதை. பாதையின் இரண்டு பக்கமும் கண்ணில் படுகிற செடி, பறவை, வண்ணத்துப்பூச்சி, கால்தடம், சாணி எல்லாவற்றையும் எழுத வேண்டும். அங்கயற்கண்ணி ஒன்பது வருடமாக எழுதுகிறார். உள்ளே போக வனத்துறை அனுமதி உண்டு. வெள்ளைச்சாமி சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

காட்டு வாசலில் ஒரு பெரிய பலா. உள்ளே நுழையும் முன் ஒவ்வொரு முறையும் அங்கயற்கண்ணி அதன் பின்னால் கொஞ்ச நேரம் போய்வருவார். வெள்ளைச்சாமி சாலைப் பக்கம் திரும்பி நிற்பார். வழியில் பஸ் நின்று பெண்கள் ஒதுங்கும்போது ஆண்கள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

2018 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காட்டுப் பாதையில் வெள்ளைச்சாமி குனிந்தார்.

"டீச்சர், இங்க வாங்க."

மூன்று மூன்று இலையாகப் படர்ந்திருந்தது. இலை நடுவில் வெள்ளிக் கோடு. ஒட்டுக்கொடி என்று அங்கே சொல்வார்கள். மாட்டுத் தீவனத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்தது. பட்டையான சின்னக் காய், தொட்டால் விடாது. அது படர்ந்த இடத்தில் வேறு எதுவும் தலை தூக்காது. பதினொரு தோட்டத்தில் அது இருப்பது பதினோராவதில் மட்டும்தான். போன வருடம் காட்டில் அது இல்லை.

"எழுதிக்குங்க," என்றார் அங்கயற்கண்ணி.

"எழுதறேன். யார் கொண்டாந்தான்னு எந்த இடத்துல எழுதணும்?"

"அதுக்கு இடம் கிடையாது."

"ஏன் கிடையாது?"

"நாம பாக்கலையே."

வெள்ளைச்சாமி எழுதினார். கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார்.

"பாதை ஓரமாத்தான் கிடக்கு டீச்சர். உள்ள தள்ளி ஒண்ணுகூட இல்ல. காத்துல வந்திருந்தா இப்பிடியா வரும்? இது ஆள் வேலை."

"இருக்கலாம்."

"நாம உக்காந்து சாப்பிடற பாறையச் சுத்திப் பாய் விரிச்சாப்பல கிடக்கு. நம்ம கண்ணுல படணும்னே செஞ்சிருக்கா."

"யாரு?"

"பேரைச் சொல்லணுமாக்கும்?"

அங்கயற்கண்ணி பாறையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். "சட்னி உங்க பக்கம் இருக்கு," என்றார்.

திரும்பும்போது சலேத்மேரி வீட்டில் காபி. எப்போதும் உண்டு. புருஷன் இறந்த பிறகு தோட்டத்தையும் இரண்டு பசுக்களையும் தனியாகப் பார்த்துக்கொள்பவர். வனத்துறைக்கும் அவருக்கும் எல்லைக்கல் விஷயத்தில் பழைய தகராறு ஒன்று இருந்தது. வெள்ளைச்சாமிக்கு அது தெரியும். கொடியை முதலில் காட்டுக்குள் விடுவார், பிறகு கொடி இருக்கும் இடமெல்லாம் என் தோட்டம் என்பார். கணக்கு அவருக்குச் சரியாக வந்தது.

அவர் தொழுவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன டிக்கெட் சார், பசுவை அப்பிடிப் பாக்கறீங்க? அதுககிட்ட பாஸ் இருக்கு."

"மாடு காட்டுக்குள்ள மேயப் போகுமா?"

"போனா உங்க தாள்ல சிறுத்தைக்கு நேரா எழுதிக்கலாம். திரும்பி வராது."

"அந்தக் கொடி விதை எங்க வாங்கினது?"

"மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் குடுத்தாரு. பால் நல்லா கூடுது."

"வேற யாருக்கும் குடுத்தீங்களா?"

"கேட்டவுகளுக்குத்தான குடுக்க முடியும். உங்களுக்கு வேணுமா? நீங்க எத்தனை லிட்டர் கறப்பீங்க?"

அங்கயற்கண்ணி சிரித்துவிட்டார். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. கிளம்பும்போது மேரி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்ததையும் டீச்சர் மறுக்காமல் வாங்கிக்கொண்டதையும் அவர் பார்த்தார். பஸ்ஸில் டீச்சர் நீட்டிய பழத்தை வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் அவர் தனியாக மலை ஏறினார். மேரியின் தோட்டத்துக்கும் பலாவுக்கும் நடுவில் பாதையின் குறுக்கே கறுப்பு நூல் கட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் நூல் அறுந்திருந்தது. அங்கிருந்தே போன் செய்தார்.

"நூல் அறுந்திருக்கு டீச்சர்."

"எவ்வளவு உயரத்துல கட்டினீங்க?"

"முழங்கால் உயரம்."

"காட்டுல திரியற கேளையாடும் அவ்வளவு உயரந்தான்."

"ஆடே அறுத்ததுன்னு வைங்க. சாணி இல்லையே. பசு போயிருந்தா சாணி இருக்கணும்ல? பாதை பூரா தேடிட்டேன். காட்டுமாட்டுச் சாணிதான் இருக்கு."

"அப்ப பசு போகலை."

"அள்ளிட்டுப் போயிருக்கா டீச்சர். அவ்வளவு விவரம்."

அங்கயற்கண்ணி "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு போனை வைத்தார்.

இந்தம்மாவும் கூட்டு என்று வெள்ளைச்சாமி முடிவு செய்தது அப்போதுதான்.

நவம்பரில் இரண்டாவது கணக்கெடுப்பின்போது மேரி வாசலிலேயே நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"டீச்சரம்மா, என் மேல ரேஞ்சர் ஆபீசுக்குப் புகார் போயிருக்கு. நான் காட்டுக்குள்ள கொடி நட்டு நிலத்தைப் பிடிக்கறேனாம்."

மேரியின் தோட்டத்திலிருந்து சாலைக்கு லாரி போகிற வழி காட்டின் ஓரத்தில் போகிறது. வருடா வருடம் ஜனவரியில் வனத்துறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஆரஞ்சும் பாலும் இறங்க வேறு வழி இல்லை.

"விசாரணையில ருசுவாச்சுன்னா வழியை அடைச்சிருவோம்னு பாரஸ்ட் கார்டு சொல்லிட்டுப் போறாரு. அடைச்சா நான் என்னத்தத் தலையில சுமந்தா இறக்க?"

"யார் எழுதினதாம்?" என்றார் அங்கயற்கண்ணி.

"பேரைச் சொல்ல மாட்டேங்கறாரு. கையெழுத்து மட்டும் அச்சடிச்சாப்பல இருக்குன்னாரு. வேற யாரு, என் கொழுந்தன் ராயப்பன்தான். பத்திர ஆபீசுல எழுத்து வேலை பாத்தவன். கீழ்த் தோட்டத்துக்கு நான்தான் தண்ணி விடறேன். குழாயை நேத்தே அடைச்சிட்டேன். காயட்டும்."

வெள்ளைச்சாமி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கீழ்த் தோட்டத்தில் ராயப்பனின் மனைவி குடத்தோடு ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

பலாமரத்துக்கு வந்ததும் வெள்ளைச்சாமி நின்றார்.

"டீச்சர், எழுதினது நான்தான்."

"அச்சடிச்சாப்பலன்னதும் தெரிஞ்சது."

"நான் எழுதினது தப்பா?"

"தெரியாது. அடுத்த தடவை வரும்போது ஒரு வேட்டி கொண்டுவாங்க."

"கோயிலுக்கா?"

"இல்ல. உங்க பேண்ட்டு எனக்கு வேணும்."

வெள்ளைச்சாமி தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்தார். வேலையில் இருந்தபோது போட்ட காக்கி. முள்ளுக்கும் அட்டைக்கும் தாங்கும் என்று அதையேதான் மலைக்குப் போட்டு வருவார். கனத்த முரட்டுத் துணி.

அடுத்த முறை பத்துத் தோட்டம் எழுதி, மேரியின் தோட்டத்தையும் எழுதி, பலாமரத்துக்கு வந்தார்கள். அங்கயற்கண்ணி எப்போதும்போல் பின்னால் போய் வந்தார். வந்து, "இப்ப நீங்க போய் மாத்திட்டு வாங்க," என்றார்.

வெள்ளைச்சாமி முதல் தடவையாக அந்த மரத்துக்குப் பின்னால் போனார். அங்கே தரை தெரியவில்லை. முழுக்க ஒட்டுக்கொடி.

வேட்டியைக் கட்டிக்கொண்டு, பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். டீச்சரை நேராகப் பார்த்தார். பஸ்ஸில் ஆளைப் பார்க்கிற பார்வை.

"அங்கதான் இருக்கறதிலேயே அதிகம்."

"ஆமா."

"அங்க உங்களைத் தவிர யாரும் போறதில்ல."

"ஆமா."

"அப்ப?"

"வாங்க, மணல் வறுக்கணும்."

மேரியின் சமையற்கட்டில் கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் ஓடை மணலைக் கொட்டினார்கள். மணலில் ஏற்கெனவே விதை இருந்தால் செத்துவிட வேண்டும். வெள்ளைச்சாமி கரண்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. புகை கிளம்பும்வரை தானே வறுத்தார்.

மேரிக்குக் காரணம் தெரியாது. "டிக்கெட் சார், உப்புக் காரம் போடணுமா?" என்றார்.

ஆறிய மணலை இரண்டு தட்டில் பரப்பினார்கள். ஒன்றில் காக்கி பேண்ட்டை மடித்துப் படுக்க வைத்தார்கள்.

"இன்னொண்ணுல?" என்றார் வெள்ளைச்சாமி.

"என் சேலை. மாத்துச்சேலை கொண்டாந்திருக்கேன்."

"நானே கேக்கணும்னு இருந்தேன்."

"தெரியும்."

இரண்டின் மேலும் இன்னும் கொஞ்சம் மணலைத் தூவினார்கள். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, காக்கி கறுத்தது.

"இங்கயே தொழுவத்தோரமா வைக்கலாம்," என்றார் அங்கயற்கண்ணி.

"வேண்டாம். என் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"ஏன்?"

"இங்க வச்சா யாராவது விதையப் போட்டிருவாக."

இரண்டு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, வேட்டியோடு பஸ்ஸில் மலை இறங்கினார். கண்டக்டர் அவருக்குத் தெரிந்த பையன். "என்ன சார், லக்கேஜா?" என்றான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மொட்டைமாடியில் வைத்துக் கதவைப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். தானே தண்ணீர் தெளித்தார்.

முதலில் பேண்ட்டின் கால்மடிப்பில் பச்சை தெரிந்தது. பிறகு தையல் ஓரம் முழுவதும். பிறகு முழங்காலில். அவர் முத்துப்பேச்சியை மாடிக்குக் கூப்பிட்டார்.

"நீ ஏதாச்சும் போட்டியா?"

முத்துப்பேச்சி தட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"உங்க பேண்ட்டுல நான் எதுக்குங்க வெள்ளாமை பண்ணப்போறேன்?"

சாவி தன்னிடம்தான் இருந்தது என்பது அவருக்கு அப்போது நினைவு வந்தது. சந்தேகப்பட அந்த வீட்டில் இன்னும் ஒருவர்தான் பாக்கி. அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

இலை விரிந்து நடுவில் வெள்ளிக் கோடு விழுந்த பிறகு, கணக்கெடுப்பு நாள் இல்லாத ஒரு நாளில், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். டீச்சரை வரச் சொல்லியிருந்தார். மேரி வீட்டு வாசல்படியில் இரண்டையும் வைத்தார்.

சேலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று கன்று. பேண்ட்டில் பேண்ட்டே தெரியவில்லை.

மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகும் சார் இது!"

"உங்க தோட்டத்துக்குள்ள நடந்து ஒட்டினது," என்றார் வெள்ளைச்சாமி. "அப்படியே நேரா காட்டுக்குள்ள போயிருக்கேன். பாறையில உக்காந்து ஒவ்வொரு தடவையும் உருவிப் போட்டிருக்கேன். காட்டுல விதைச்சது நான்தான்."

மேரி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புகார் எழுதினதும் நான்தான். உங்க கொழுந்தன் இல்ல."

சிரிப்பு நின்றது. மேரி அவரைத் திட்டவில்லை. உள்ளேயும் போகவில்லை. தோட்டத்துச் சரிவில் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழ்த் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி மேலே வர வெகுநேரம் ஆனது. அன்று காபி இல்லை.

பஸ்ஸுக்கு இறங்கி நடந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். உங்க சேலையில ஏன் மூணே மூணு?"

"பலாவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் உதிர்த்துட்டுத்தான் உள்ள வருவேன். மரத்துக்கு அந்தப் பக்கம் காடு இல்ல, வெறும் புறம்போக்கு. அங்க முளைச்சா பிடுங்கிக்கலாம்."

வெள்ளைச்சாமி நின்றுவிட்டார்.

"நான் வேற நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

அவருக்குக் காது வரை சிவந்தது. "அதான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்."

அங்கயற்கண்ணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கணக்கெடுக்க வர்றவங்க எல்லாருக்கும் முதல் நாள் வகுப்புல சொன்னது சார் அது. நீங்க பிந்தி வந்து சேந்தீங்க."

"பின்ன என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் அங்க திரும்பி நின்னு உதிர்த்துக்கறீங்கன்னு நினைச்சேன். வந்து பாக்கலை."

இறக்கத்தில் ஒரு லாரி ஆரஞ்சுக் கூடைகளோடு அவர்களைத் தாண்டிப் போனது. ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.

"வர்ற திங்கக்கிழமை ரேஞ்சர் விசாரணை," என்றார் வெள்ளைச்சாமி. "எனக்கு ஒரு யோசனை. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆள் மாறிப்போச்சு, தெரியாம எழுதிட்டேன்னு ரெண்டு வரி. மேரிக்கு வழி கிடைச்சிரும்."

"ம்."

"பேண்ட்டு விஷயத்தைச் சொன்னா நம்மளை உள்ள விட மாட்டாங்க டீச்சர். கணக்கெடுக்கறேன்னு வந்து நீங்கதானே பரப்பியிருக்கீங்கம்பாங்க. உங்க ஒன்பது வருசம் அப்படியே நிக்கும்."

"நிக்கும்."

"அப்ப சொல்லாம விட்டுருவமா?"

அங்கயற்கண்ணி நடந்துகொண்டே கேட்டார்.

"நம்ம தாள்ல ஒரு பறவை பேரைத் தப்பா எழுதிட்டீங்க. என்ன செய்வீங்க?"

"குறுக்க ஒரு கோடு இழுத்து, மேல சரியான பேரை எழுதுவேன்."

"ரப்பர் வச்சு அழிச்சா?"

"அழிக்கக் கூடாது. கீழ இருக்கற தப்பு வாசிக்கறாப்பல இருக்கணும். பின்னாடி பாக்கறவுகளுக்குத் தெரியணும்."

"நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே," என்றார் அங்கயற்கண்ணி. "அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"



2019 ஜனவரி 7, திங்கட்கிழமை, சலேத்மேரியின் லாரி வழிக்கு ஒரு வருட அனுமதி புதுப்பிக்கப்பட்டது. கணக்கெடுப்புக் குழு காட்டுக்குள் செல்வதற்கு இருந்த அனுமதி அதே உத்தரவில் ரத்து செய்யப்பட்டது.